பாதி நாய் சோபாவில்

1994-ல் வந்த 'ஹம் ஆப்கே ஹைன் கோன்' இந்திப் படத்தில் கிரிக்கெட் ஆட்டத்துக்கு நடுவராக உட்கார்ந்து தீர்ப்புச் சொன்ன வெள்ளை நாய் டஃபியை நாடே ரசித்தது. 2003-ல் ஹட்ச் செல்போன் விளம்பரத்தில் ஒரு சிறுவன் போகும் இடமெல்லாம் பின்னாலேயே போன பக் நாய், அந்த ரகத்துக்கே இந்தியாவில் மவுசை ஏற்படுத்தியது. அதற்கப்புறம் நீலக் கண்ணும் ஓநாய் முகமுமாக சைபீரியன் ஹஸ்கி வந்து சேர்ந்தது. பனிப் பிரதேசத்து நாய், டெல்லியின் 45 டிகிரி வெயிலுக்குப் பயந்து ஏ.சி. அறையில் படுத்துக் கிடக்கிறது.

இந்த மூன்று நாய்களுக்கும் பொதுவான ஒரு குணத்தை சினிமாவும் காட்டவில்லை, விளம்பரமும் சொல்லவில்லை. மூன்றுமே முடியைக் கொட்டித் தீர்க்கிற ரகங்கள். பக் குட்டை முடி நாய்தானே, அது எங்கே கொட்டப்போகிறது என்று நினைத்து வாங்கியவர்களுக்கு மூன்றே மாதத்தில் உண்மை தெரிந்துவிடும். குட்டியாக இருக்கும்போது அதிகம் உதிர்வதில்லை என்பதால் ஏமாற்றம் இன்னும் பெரிது. நான்கிலிருந்து ஆறு மாத வயதில் குட்டி ரோமம் போய்ப் பெரிய நாயின் ரோமம் முளைக்கத் தொடங்குகிறது. அன்றிலிருந்து ஆபீசுக்குப் போகும் கறுப்பு பேன்ட்டில் வெள்ளை முடி, வந்த விருந்தாளியின் பட்டுப்புடவையில் முடி, சாம்பாரிலும் ஒரு முடி.

சிரித்துவிட்டுப் போகக்கூடிய விஷயம் இல்லை. நாயை வீட்டைவிட்டு அனுப்புகிறவர்கள் சொல்லும் காரணங்களில் முடியும் ஒன்று. குழந்தைக்கு ஆகவில்லை, வேலைக்கு வருகிற பெண் நின்றுவிட்டார், வீட்டுக்காரர் முறைக்கிறார் என்று அது வெவ்வேறு பெயரில் வரும். ஆனால் இந்தப் பிரச்சினையில் பாதியை ஒரு சீப்பாலும், மீதியில் பெரும்பகுதியை பாத்திரம் தேய்க்கும் ரப்பர் கையுறையாலும் தீர்த்துவிட முடியும். முடியை எங்கே பிடிப்பது என்பதுதான் விஷயம். சோபாவில் பிடிக்க முயன்றால் தோல்வி நிச்சயம். நாயின் மேலேயே பிடித்துவிட வேண்டும்.

ஏன் கொட்டுகிறது?

நாயின் ஒவ்வொரு முடிக்கும் ஓர் ஆயுள் உண்டு. கொஞ்ச காலம் வளரும், பிறகு ஓய்வெடுக்கும், புதிய முடி முளைக்கும்போது பழையது விழுந்துவிடும். லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட், ஹஸ்கி, இந்தியாவில் பொமரேனியன் என்று அழைக்கப்படும் வெள்ளை ஸ்பிட்ஸ் போன்றவற்றுக்கு இரண்டு அடுக்கு ரோமம். மேலே முரட்டு முடி, அடியில் பஞ்சுபோன்ற மெல்லிய முடி. அந்த அடி ரோமம்தான் பருவம் மாறும்போது கொத்துக் கொத்தாக வெளியேறுகிறது.

பருவம் மாறுவதை நாயின் உடல் பெரும்பாலும் பகல் வெளிச்சத்தின் நீளத்தை வைத்தே தெரிந்துகொள்கிறது. பிளாட் வாழ்க்கையில் இரவு பதினொரு மணி வரை டியூப் லைட் எரிகிறது. வெயில் காலத்தில் ஏ.சி. ஓடுகிறது. உடம்புக்குக் குழப்பம். விளைவு, வருடத்துக்கு இரண்டு முறை கொட்ட வேண்டியது வருடம் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டுகிறது. பூனைக்கும் இதே கதைதான். சாதாரணமாக உதிரும் முடியை அடியோடு நிறுத்த மருந்து எதுவும் கிடையாது. அப்படிச் சொல்லி விற்கப்படும் பொடியையும் டானிக்கையும் நம்பிப் பணத்தை விட வேண்டியதில்லை.

'மொட்டை அடித்துவிட்டால் தீர்ந்தது' என்பது வட இந்தியாவில் ஒவ்வொரு மே மாதமும் கேட்கும் யோசனை. இரண்டடுக்கு ரோமம் உள்ள நாய்க்கு இது செய்யக்கூடாத காரியம். அந்த ரோமம் குளிரிலிருந்து மட்டுமல்ல, வெயிலிலிருந்தும் காக்கிறது. மழித்தால் தோல் வெந்துபோகலாம், திரும்ப முளைக்கும்போது திட்டுத்திட்டாக முளைக்கலாம். முடி கொட்டுவதும் நிற்காது. முன்பு நீளமாக விழுந்தது இப்போது குட்டையாக விழும். குட்டை முடி துணியில் ஊசி மாதிரி குத்தி நிற்கும். அதை எடுப்பது இன்னும் சிரமம்.

ஏன் ஒட்டுகிறது?

முடியின் மேல்பரப்பு வழவழப்பாகத் தெரிந்தாலும் உண்மையில் ஓடு வேய்ந்த கூரை மாதிரி செதில் செதிலாக அமைந்தது. துணியின் இழைக்குள் நுழைந்த பிறகு அந்தச் செதில்கள் கொக்கி போட்டுக்கொள்கின்றன. ஒவ்வோர் அசைவும் முடியை இன்னும் உள்ளே தள்ளுகிறது. நாய் படுத்து எழுந்த இடத்தில் மனிதர் உட்கார்ந்து எழுந்தால் தையல் போட்ட மாதிரிதான்.

இரண்டாவது காரணம் நிலைமின்சாரம். பாலியெஸ்டர் துணியும் ரோமமும் உரசினால் ஒன்றில் நேர் மின்னூட்டம், மற்றதில் எதிர் மின்னூட்டம் ஏறி ஒன்றையொன்று இழுத்துக்கொள்கின்றன. காற்று வறண்டிருக்கும்போது இந்த மின்னூட்டம் சீக்கிரம் இறங்காது. டெல்லியின் ஜனவரியில் ஸ்வெட்டரைக் கழற்றினாலே படபடவென்று பொறி தட்டுவது இதனால்தான். பானிப்பட்டில் தயாராகி வடநாட்டு வீடுகளை எல்லாம் நிறைத்திருக்கும் புசுபுசு மிங்க் போர்வைகள் பெரும்பாலும் பாலியெஸ்டர். குளிர்காலத்தில் அவை நாய் முடிக்குக் காந்தம்.

மும்பை மழைக்காலத்தில் கதை வேறு. அங்கே காற்றில் ஈரம் இருப்பதால் மின்னூட்டம் தங்காது. ஆனால் தெருவில் நனைந்து வந்த நாய் அப்படியே சோபாவில் ஏறினால் ஈர முடி துணியோடு அப்பிக்கொள்கிறது. ஆகவே டெல்லிக்காரருக்குத் தேவை கொஞ்சம் ஈரம், மும்பைக்காரருக்குத் தேவை வாசற்படியில் ஒரு பழைய துண்டு.

சீப்பு முதலில்

நாயைச் சீவும் ஒவ்வொரு பத்து நிமிடமும் சோபாவைத் துடைக்கும் நேரத்தை மிச்சப்படுத்துகிறது. இரண்டடுக்கு ரோமம் உள்ள நாயைக் கொட்டும் பருவத்தில் தினமும், மற்ற நாட்களில் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை சீவ வேண்டும். அடி ரோமத்தை வாரி எடுப்பதற்கென்றே அகலப் பல் உள்ள எஃகுச் சீப்பு கிடைக்கிறது. பக், பீகிள், நாட்டு நாய் போன்ற குட்டை முடிக்காரர்களுக்கு ரப்பர் முள் வைத்த கையுறை போதும். பெர்சியன் பூனைக்குத் தினசரிச் சீப்பு அவசியம். தவறினால் சிக்கு விழுந்து தோலை இழுக்கும். பூனை நாக்கால் நக்கி விழுங்கும் முடி வயிற்றில் உருண்டையாகி வாந்தியாக வருவதும் சீவினால் குறையும்.

சீவும் இடம் முக்கியம். ஹாலில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து சீவுவதைவிடச் சீவாமல் இருப்பதே மேல். பால்கனியோ குளியலறையோ நல்லது. கீழே பழைய செய்தித்தாளை விரித்து, முடிந்ததும் அப்படியே சுருட்டிக் குப்பையில் போட்டுவிட வேண்டும். பால்கனியில் பறக்கவிட்டால் அது கீழ்வீட்டுக்காரரின் கொடியில் உலரும் துணிக்குப் போய்ச் சேரும். பெரும்பாலான பிளாட் சண்டைகள் இப்படித்தான் ஆரம்பிக்கின்றன.

குளிப்பாட்டுவதற்கு முன்பு சீவ வேண்டும், உலர்ந்த பிறகு இன்னொரு முறை சீவ வேண்டும். மனிதர்களின் ஷாம்பு வேண்டாம். நாயின் தோல் வேறு வகை. அடிக்கடி குளிப்பாட்டினால் தோல் வறண்டு முடி அதிகமாகத்தான் விழும்.

சோபாவில்

இதையெல்லாம் மீறி சோபாவுக்கு வந்துவிட்ட முடிக்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை. பாத்திரம் தேய்க்கும் ரப்பர் கையுறையை மாட்டிக்கொண்டு, தண்ணீரில் நனைத்து நன்றாக உதறிவிட்டு, துணியின் மேல் ஒரே திசையில் இழுக்க வேண்டும். முன்னும் பின்னும் தேய்க்கக்கூடாது. ரப்பரின் உராய்வு முடியைக் கிளப்புகிறது, ஈரம் மின்னூட்டத்தை இறக்குகிறது. இரண்டு மூன்று இழுப்பில் முடி திரிதிரியாக உருண்டு ஓரத்தில் சேரும். கையால் எடுத்துவிடலாம். கார் இருக்கைக்கும் தரைவிரிப்புக்கும் ஜன்னல் கண்ணாடி துடைக்கும் ரப்பர் வைப்பர் இதே வேலையைச் செய்யும்.

வாக்வம் கிளீனர் வைத்திருப்பவர்கள் கையுறையால் இழுத்த பிறகு அதைப் போடுவது நல்லது. நேராக வாக்வம் போட்டால் நெசவுக்குள் கொக்கி போட்ட முடி அசையாது. சுழலும் பிரஷ்ஷில் முடி சுற்றிக்கொண்டால் கத்தரியால் வெட்டி எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் மோட்டார் திணறும். வெல்வெட் என்றால் முதலில் கண்ணில் படாத மூலையில் சோதித்துவிட்டு, இழை சாய்ந்த பக்கமாகவே இழுக்க வேண்டும்.

புதிதாக சோபா வாங்குபவர்கள் கடையிலேயே பாதி வேலையை முடித்துவிடலாம். ரெக்ஸினிலும் தோலிலும் முடி நுழைய வழியில்லை, ஈரத் துணியால் துடைத்தால் போதும். பூனை நகம் தீட்டும் வீட்டில் மட்டும் யோசிக்க வேண்டும். நெருக்கமாக நெய்த பருத்தி பரவாயில்லை. வெல்வெட், புசுபுசு ரகங்கள், தளர்வாக நெய்த முரட்டுத் துணி மூன்றும் வேண்டாம். பழைய சோபாவையே வைத்துக்கொள்பவர்களுக்குப் பாட்டி காலத்து வழி இருக்கிறது. மேலே ஒரு பருத்தி விரிப்பு. அழுக்கானால் வெளியே எடுத்துப் போய் உதறித் துவைத்துவிட வேண்டியதுதான். நாய்க்கென்று ஒரு விரிப்பு, ஒரு மூலை என்று குட்டியிலேயே பழக்கினால் முடியின் பெரும்பகுதி அந்த ஒரே இடத்தில் சேரும்.

துணியில்

வெளிநாட்டுப் பத்திரிகைகள் தரும் யோசனை, துவைப்பதற்கு முன் பத்து நிமிடம் டிரையரில் சுழலவிடுவது. வெப்பக் காற்றில் முடி கழன்று வடிகட்டியில் போய்ச் சேரும். யோசனை சரிதான். ஆனால் பெரும்பாலான இந்திய வீடுகளில் துணி உலர்வது கொடியில். ஆகவே இங்கே வேலையைக் கையால் செய்ய வேண்டியிருக்கிறது. துணியை நனைப்பதற்கு முன்பே வெளியில் நின்று பலமாக உதற வேண்டும், மிச்சத்தை ஈரக் கையுறையாலோ டேப்பாலோ எடுத்துவிட வேண்டும். முடியோடு வாஷிங் மெஷினில் போட்டால் ஈரத்தில் முடி திரண்டு மற்ற துணிகளிலும் ஒட்டும், குழாயையும் அடைக்கும். மேலே திறக்கும் மெஷினில் உள்ளே இருக்கும் வலைப்பையையும், முன்னால் திறக்கும் மெஷினில் கீழ்ப்பக்க வடிகட்டியையும் அடிக்கடி சுத்தம் செய்ய வேண்டும். நாயின் விரிப்பைத் தனியாகத் துவைப்பதே முறை.

காயவைத்த துணியை எடுக்கும்போது இன்னொரு உதறல். இஸ்திரிக்கு அனுப்பும் முன் கட்டாயம் பார்க்க வேண்டும். முடியோடு இஸ்திரி போட்டால் அழுத்தத்திலும் சூட்டிலும் அது துணிக்குள் படிந்துவிடும்.

ஆபீசுக்குக் கிளம்பும் அவசரத்துக்கு அகலமான பேக்கிங் டேப்பே போதும். ஒட்டும் பக்கம் வெளியே இருக்கும்படி கையில் சுற்றி, துணியின் மேல் ஒத்தி ஒத்தி எடுக்கலாம். பட்டுக்கும் ஜரிகைக்கும் டேப் ஆகாது, இழை பிரிந்துவிடும். அவற்றுக்கு மென்மையான உலர்ந்த பிரஷ்தான். பட்டுப்புடவை கட்டுவது நாய் வெளியே வாக்கிங் போயிருக்கும் நேரமாக இருந்தால் இன்னும் விசேஷம்.

துணி உருண்டையைத் துரத்தும் விஷம்

பீரோவில் போடும் அந்துருண்டை நாய்க்கும் பூனைக்கும் விஷம். விளையாட்டாக ஒன்றை விழுங்கினாலும் ஆபத்து. தரை துடைக்கும் பினாயிலில் பீனால் வகை ரசாயனம் இருந்தால் பூனைக்கு அது ஆகவே ஆகாது. தரையில் நடந்த பாதத்தைப் பூனை நக்கும், பூனையின் ஈரலால் அதை முறிக்க முடியாது. துணியை மிருதுவாக்கும் திரவங்களும் பூனையின் படுக்கைக்கு வேண்டாம். முடியைச் சுத்தம் செய்கிற வேகத்தில் முடிக்குச் சொந்தக்காரரைக் கொன்றுவிடக் கூடாது.

தரையும் கூலியும்

மொசைக், மார்பிள் தரையில் முடி ஒட்டுவதில்லை, உருண்டு ஓடுகிறது. பூந்துடைப்பத்தால் பெருக்கினால் எழுந்து பறந்து, ஃபேன் காற்றில் மறுபடி சோபாவுக்கே போகிறது. ஃபேனை நிறுத்திவிட்டு, லேசாக ஈரமான மாப்பால் முதலில் ஒருமுறை சேர்த்தெடுத்து, பிறகு துடைப்பதுதான் சரி. ஏ.சி. வடிகட்டியை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவ வேண்டும்.

இதில் யாரும் பேசாத ஒரு கணக்கு உண்டு. இந்திய நகரங்களில் நாயைக் கொஞ்சுவது ஒருவர், முடியைக் கூட்டுவது இன்னொருவர். இரண்டு அறைகளைப் பெருக்கித் துடைக்க என்று பேசிய சம்பளம், நாய் வந்த பிறகும் அப்படியே இருக்கிறது. வேலையோ ஒன்றரை மடங்காகிவிட்டது. வேலைக்கு வருகிற பெண் நின்றுவிட்டார் என்று நாயின் மேல் பழி போடுவதற்கு முன், அவருக்குச் சம்பளத்தைக் கூட்டிக் கொடுத்ததுண்டா என்று பார்க்க வேண்டும். சீவுவது குடும்பத்தின் வேலை. அதைச் செய்துவிட்டால் பெருக்குபவரின் பாரம் தானாகக் குறையும்.

முடியா, மூச்சா?

'முடி மூக்கில் போய் ஆஸ்துமா வந்துவிட்டது' என்பார்கள். ஒவ்வாமையைக் கிளப்புவது முடி அல்ல. பிராணியின் எச்சிலிலும் தோலிலிருந்து உதிரும் பொடுகிலும் இருக்கும் புரதங்கள். பூனையிடம் இருக்கும் முக்கியமான புரதத்துக்கு விஞ்ஞானிகள் வைத்த பெயர் 'ஃபெல் டி 1'. முடி அதற்கு வாகனம். இந்தத் துகள்கள் மிக நுண்ணியவை, காற்றில் வெகுநேரம் மிதக்கும். பூனையை வெளியேற்றிய பிறகும் மாதக்கணக்கில் வீட்டில் தங்கும். ஆகவே சோபா பளபளவென்று இருப்பதாலேயே வீட்டில் பிரச்சினை இல்லை என்று சொல்ல முடியாது.

வீட்டில் ஒருவருக்கு இழுப்பு இருந்தால் முதலில் மருத்துவரைப் பார்த்துப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். காரணம் தூசிப்பூச்சியாகவோ கரப்பானாகவோ இருக்கலாம். பிராணிதான் காரணம் என்று உறுதியானால் படுக்கையறைக்குள் அதை விடவே கூடாது. சீவுவதை வேறொருவர் வெளியில் செய்ய வேண்டும், விரிப்புகளை வாரம்தோறும் துவைக்க வேண்டும். மூச்சுத் திணறல் கடுமையாக இருந்தால் பாசத்தைவிட மருத்துவர் சொல்வதே முக்கியம்.

முடி உதிர்வது சில சமயம் நோயின் முதல் அறிகுறி. வட்ட வட்டமாக வழுக்கை, ஓயாத சொறிதல், தோல் சிவத்தல், துர்நாற்றம், உண்ணி இவற்றில் ஏதாவது தெரிந்தால் சீப்பை வைத்துவிட்டுக் கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும். சொறியாக இருக்கலாம், தைராய்டு குறையாக இருக்கலாம். படர்தாமரையாக இருந்தால் வீட்டுக் குழந்தைகளுக்கும் தொற்றும்.

வாங்குவதற்கு முன்

குடியிருப்போர் சங்கம் தீர்மானம் போட்டு நாய் வளர்ப்பதைத் தடை செய்ய முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-ல் தெளிவாகச் சுற்றறிக்கை அனுப்பியது. அண்டை வீட்டாருக்குத் தொந்தரவு இல்லாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு வளர்ப்பவருக்கு உண்டு. பசியிலும் தாகத்திலும் தவிக்கும்படி ஒரு பிராணியைக் கைவிடுவது 1960-ம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முதல் தடவைக்கு அந்தச் சட்டத்தில் எழுதப்பட்ட அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. ரப்பர் கையுறையின் விலை அதைவிட அதிகம். தெருவில் விடப்பட்ட ஹஸ்கியைச் சட்டம் காப்பாற்றும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

அதனால் முடிவு எடுக்க வேண்டிய நேரம் குட்டி வீட்டுக்கு வருவதற்கு முன். எந்த ரகம் பிடித்திருக்கிறதோ, அந்த ரகத்தில் வளர்ந்த நாய் இருக்கும் ஒரு வீட்டுக்கு, குடும்பத்தோடு கறுப்பு உடை அணிந்துகொண்டு போய் ஒரு மாலைப்பொழுது உட்கார்ந்துவிட்டு வர வேண்டும். திரும்பி வந்து உடையைப் பார்த்த பிறகும் ஆசை குறையாவிட்டால், தினமும் சீப்பைப் பிடிக்கப்போவது யார் என்று பெயர் சொல்லி முடிவு செய்ய வேண்டும். 'எல்லோரும் சேர்ந்து பார்த்துக்கொள்வோம்' என்பது பதில் அல்ல. ஒருவரும் முன்வராத வீட்டில் பூட்ஸ் வைக்கும் அலமாரிக்குப் பக்கத்தில் மீன் தொட்டி வைக்கலாம். மீனுக்கு முடி இல்லை.